பல மரம் கண்ட தச்சர்

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. பிள்ளைகளைக் கண்டிக்க நேரும்போதெல்லாம் நம் காலனி வீடுகளில் இப்பழமொழி எடுத்தாளப்படுவதைக் கேட்கிறோம். காலையில் மிருதங்கம், மாலையில் சதுரங்கம், இடையே தபால் தலை சேகரிப்பு, விடுமுறை வந்தால் மராத்தி நாடகம் என்று மனம் போன வழியெல்லாம் போகும் பையனைப் பார்த்து, “ஒன்றைப் பிடி; அதிலேயே நில்” என்று சொல்லாத தகப்பனார் நம்மிடையே அரியர். அவ்வாறு சொல்லுங்கால் சாட்சிக்கு அழைக்கப்படுபவர் பெரும்பாலும் கணித மேதை இராமானுஜனே.

சாட்சி பொய்யன்று. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904-இல் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர வேறெதிலும் கருத்துச் செலுத்த மாட்டாமையால் ஏனைய பாடங்களில் தவறி அவ்வுதவியை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த பின்னரும் எஃப்.ஏ. பரீட்சை அவருக்குக் கைகூடவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். (பேரேடும் ரசீதும் புரட்டிப் பிழைக்கும் நம் போன்றோருக்கு அந்த 30 ரூபாயை நினைக்குந்தோறும் ஒருவகைப் பெருமிதம் உண்டாகிறது.) மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், 1914-இல் அவர் கப்பலேறியதும், 1920-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்ததும் நாமெல்லாம் அறிந்த கதை. ஒன்றையே பற்றி, அதிலேயே வாழ்ந்து, அதிலேயே முடிந்த வாழ்வு அது.

ஆயினும் ஒருவர் வாழ்க்கையைக் கொண்டு எல்லாருக்கும் விதி வகுத்தல் முறையாகுமா? இராமானுஜன் பெயரால் ஏற்பட்ட நினைவுப் பரிசை 1934-இல் பெற்றவர் ஒருவர், நாம் குடியேறி வாழும் இந்தப் புனே நகரிலேயே வாழ்ந்தார். கணிதத்திற்குப் பரிசு வாங்கிய அவர் பழங்காசுகளை நிறுத்தார். வடமொழிச் சுவடிகளை ஒப்பு நோக்கினார். மரபணுக்களின் தூரத்தை அளக்க வாய்பாடு கண்டார். மலைச்சரிவுகளில் கற்கருவி பொறுக்கினார். இந்திய வரலாற்றை எழுதும் முறையையே மாற்றினார். அவர்தாம் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. பல மரம் கண்டு, கண்ட மரங்களில் பலவற்றை வெட்டியும் காட்டிய தச்சர் அவர். மராட்டிய மண்ணில் இருந்துகொண்டு அவர் கதையை நாம் அறியாதிருத்தல் அழகன்று.

கோசாம்பி 1907-ஆம் ஆண்டு ஜூலை 31-இல் கோவாவில் பிறந்தார். தந்தையார் தர்மானந்த கோசாம்பி ஒன்றைப் பற்றிய மனிதருக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பௌத்தம் என்ற ஒரே வேட்கையால் வீட்டைத் துறந்து புறப்பட்டு, இலங்கை சென்று பாலி மொழி பயின்று, பின்னர் அம்மொழியில் பெரும் புலவராகத் திகழ்ந்தவர். 1947-இல் சேவாகிராமத்தில் உணவைத் துறந்து உயிர் நீத்தார். அப்படிப்பட்ட தந்தைக்கு இப்படிப்பட்ட மகன் பிறந்தது விந்தையே.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாலி நூல் பதிப்புப் பணிக்காகச் சென்ற தந்தை, 1918-இல் மகனையும் உடன் அழைத்துச் சென்றார். பள்ளிப் படிப்பை அங்கே முடித்த தாமோதர் பின்னர் ஹார்வர்டிலேயே சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் பிர்க்காஃப், இவ்விளைஞர் கணிதம் ஒன்றிலேயே நின்றால் நலமென விரும்பினார். நம் காலனித் தகப்பனார் சொல்லும் அதே அறிவுரைதான். சொன்னவர் மட்டும் உலகப் புகழ் பெற்றவர். இளைஞரோ அதற்கு இணங்கவில்லை. பற்பல துறைப் பாடங்களையும் எடுத்துப் படித்தார். எடுத்தவற்றில் எல்லாம் சிறந்தும் விளங்கினார். 1929-இல் மிக உயர்ந்த தகுதியுடன் பட்டம் பெற்றார். ஆனால் மேற்படிப்பைத் தொடர உதவித்தொகை கிடைக்கவில்லை, தாயகம் திரும்பினார்.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சிறிது காலமும், அலிகாரில் சிறிது காலமும் கணிதம் கற்பித்தார். அலிகாரில் அவருடன் இருந்த பிரெஞ்சுக் கணிதர் ஆந்திரே வெய்லின் தூண்டுதலால், இல்லாத ஒரு ரஷ்ய அறிஞரைப் படைத்து அவர் பெயரைத் தம் கட்டுரைத் தலைப்பிலேயே 1931-இல் ஏற்றி வைத்தார். ‘பூர்பாக்கி’ என்ற அந்தப் பெயரையே பின்னர் பிரெஞ்சுக் கணிதர் குழு ஒன்று புனைபெயராகச் சூட்டிக்கொண்டு உலகப் புகழ் பெற்றது. கணிதர்களுக்கும் குறும்பு உண்டு என்பதற்காக இதனை இங்கே குறித்தோம்.

1933-இல் புனே பெர்குசன் கல்லூரியில் கணித ஆசிரியராக வந்தமர்ந்தார். தந்தையார் முன்னாளில் பாலி கற்பித்த கல்லூரி அது. ஏறத்தாழ 12 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். அவருடைய பல துறைப் பயணம் தொடங்கியது அந்த ஆண்டுகளிலேதான். அது எவ்வாறு தொடங்கியது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது தகும். ஏனெனில் அவர் ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினார் என்று சொல்வோர் அந்தப் படிகளைக் காண்பதில்லை.

புள்ளியியலைக் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. புத்தகத்தை மட்டும் படித்தால் அது கைவராது. உண்மையான கணக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கருதினார். முதலில் கையில் அகப்பட்டவை மாணவர்களின் பரீட்சை மதிப்பெண்கள். பின்னர் அவர் கண் நம் நாட்டுப் பழைய முத்திரைக் காசுகளின்மேல் விழுந்தது. இவை வெள்ளித் துண்டுகள். அரசன் பெயரோ ஆண்டோ இவற்றில் இரா. முன்பக்கம் சூரியன், சக்கரம், மலை போன்ற ஐந்து குறிகள் அடிக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் சிறு சிறு குறிகள் சில இருக்கும். எடை 32 குன்றிமணி, அதாவது ஏறத்தாழ மூன்றரை கிராம். பெயரில்லாக் காசு யாருடையது, எது முந்தியது, எது பிந்தியது என்பதை எவ்வாறு அறிவது?

காசு கைமாறக் கைமாறத் தேயும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஒரே அச்சில் வந்த காசுகளும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. அதிகம் புழங்கியது அதிகமாகவும், பெட்டியில் உறங்கியது குறைவாகவும் தேயும். ஆகவே, ஓர் இனக் காசுகளின் சராசரி எடை நாளடைவில் குறையும். காசுக்குக் காசு உள்ள எடை வேற்றுமையோ நாளடைவில் மிகும். ஒற்றைக் காசை நிறுத்தால் ஒன்றும் புலப்படாது. நூற்றுக்கணக்கில் நிறுத்துக் கணக்கிட்டால் காலம் தன் கையெழுத்தைக் காட்டிவிடும். இக்கருத்து சரிதானா என்று பார்க்க, அக்காலத்தில் மக்களிடையே புழங்கிய சர்க்கார் நாணயங்களையே ஆயிரக்கணக்கில் வாங்கி, ஒவ்வொன்றாக நுண்தராசில் நிறுத்தார் கோசாம்பி. அதன் பின்னர்த் தட்சசீலத்தில் அகழ்ந்தெடுத்த பழங்காசுகளை எடுத்துக்கொண்டார். பின்பக்கக் குறிகள் மிக மிகக் காசின் எடை குறைந்து வருவதை அவர் கண்டார். அக்குறிகள், அவ்வப்போது காசை நிறுத்துச் சோதித்த வணிகர் இட்ட அடையாளங்களாதல் வேண்டும் என்பது அவர் முடிவு. காசு எத்தனை முறை சோதனைக்கு உட்பட்டதோ அத்தனைக் குறி, அத்தனைத் தேய்மானம். 1940-இலும் 1941-இலும் இவ்வாராய்ச்சிகளை அவர் வெளியிட்டார்.

ஆயிரக்கணக்கான காசுகளை நிறுப்பது எத்தகைய வேலை என்று அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். எடுப்பது, துடைப்பது, தட்டில் இடுவது, முள் அடங்கும்வரை காத்திருப்பது, எழுதுவது, மீண்டும் எடுப்பது. பல துறை நாட்டம் என்றால் பொறுமையின்மை என்று பொருள் கொள்வோர் இத்தராசின் முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்!

காசுகளை வரிசைப்படுத்தியாயிற்று. அவற்றை அடித்த அரசர் யாவர்? அதற்குப் புராணங்களையும் பௌத்த, சமண நூல்களையும் நாட வேண்டும். அதற்கு வடமொழி நன்றாக வேண்டும். வீட்டுக் காற்றில் கலந்து ஓரளவு அறிந்திருந்த அம்மொழியை ஒழுங்காகப் பயில முற்பட்ட கோசாம்பி, இங்கும் ஒரு நூலை நேராகக் கையிலெடுத்து உழைப்பதே வழியெனக் கொண்டார். பர்த்ருஹரியின் தனிப்பாடல்கள் அவருக்குக் கிடைத்தன. அச்சிட்ட பதிப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கண்டு, மூலம் யாது என்று தேடப் புகுந்தார். முந்நூறுக்கு மேற்பட்ட கைப்பிரதிகளை ஒப்பு நோக்கி, எந்தப் பாடல் எல்லாப் பிரதிகளிலும் உளது, எது பிற்காலத்தார் செருகியது என்று பிரித்து, 1948-இல் பதிப்பை வெளியிட்டார். நம் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஏடு ஏடாகத் தேடி ஊர் ஊராக அலைந்த வரலாற்றை அறிந்த தமிழர்களுக்கு இவ்வுழைப்பின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஐயரவர்களுக்கோ அதுவே வாழ்க்கைப் பணி. கோசாம்பிக்கோ பல பணிகளுள் ஒன்று. 1957-இல் கோகலே என்ற அறிஞருடன் சேர்ந்து வித்யாகரரின் வடமொழித் தொகை நூலையும் பதிப்பித்தார். ஹார்வர்டு கீழ்த்திசை வரிசையில் அது வெளிவந்தது.

இதற்கிடையே 1944-இல், ஒரு குரோமோசோமில் அமைந்த இரு மரபணுக்களுக்கு இடையேயுள்ள தூரத்தைக் கணக்கிட ஒரு வாய்பாட்டினை வெளியிட்டார். பயிரின ஆராய்ச்சியாளர் இன்றளவும் அவர் பெயராலேயே அதனை வழங்குகின்றனர். அதற்கு முந்தைய ஆண்டு அவர் எழுதிய கணிதக் கட்டுரை ஒன்றின் கருத்து, பின்னர் வேறு இரு ஐரோப்பிய அறிஞர் பெயர்களால் புகழ்பெற்று, இப்போது கோசாம்பியின் பெயரும் அவர்கள் பெயருக்கு முன்னால் சேர்த்துச் சொல்லப்படுகிறது. இவ்விரண்டின் நுட்பம் நம் அறிவுக்கு எட்டாதது. ஆதலின் இவ்வளவோடு நிறுத்துகிறோம்.

1945-இல் டாக்டர் ஹோமி பாபா அழைக்க, பம்பாயில் புதிதாகத் தோன்றிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் கணிதப் பேராசிரியரானார். வீட்டை மட்டும் புனேயை விட்டு மாற்றினாரில்லை. ‘டெக்கான் குயின்’ வண்டியில் பம்பாய் சென்று திரும்புவது அவர் வழக்கமாயிற்று. 1930-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஓடத் தொடங்கிய வண்டி அது. 192 கிலோமீட்டர் தூரம். இடையே போர் மலைக்கணவாய். அந்தக் கணவாயில் வண்டி இறங்கி ஏறும்போது வெளியே தெரியும் மலைகளும் குகைகளுமே அவருடைய அடுத்த துறையாயின. பிறர் உறங்கியும் சீட்டாடியும் கழிக்கும் வழி அவருக்கு ஆராய்ச்சிக்களம்.

விடுமுறை நாட்களில் தடியும் பையுமாகப் புனேயைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடந்தார். விரல் நகம் அளவேயுள்ள கற்கருவிகளைப் பொறுக்கிச் சேர்த்தார். இவை கிடைத்த இடங்களையும், ஆட்டிடையர்களாகிய தங்கர் மக்கள் மந்தையோட்டிச் செல்லும் தடங்களையும், ஊர்ப்புறத்துக் காளி, மசோபா முதலிய சிறு தெய்வங்களின் இருப்பிடங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு ஞானேசுவரர் பல்லக்கு நம் தெருக்கள் வழியே போகிறதன்றோ? அந்த வழித்தடத்திலும் கற்கருவிகள் அகப்பட்டன. பக்தர் நடக்கும் பாதை ஞானேசுவரர் காலத்திற்கும் மிக முற்பட்டது, ஆதி மனிதர் பருவந்தோறும் நடந்த பாதை அது, என்பது அவர் துணிபு. 1962-இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுதியில் இவையெல்லாம் காணப்படும்.

இவ்வாறு கணக்கும் காசும் சுவடியும் கல்லும் ஒன்று சேர்ந்த பின்னரே அவருடைய வரலாற்று நூல்கள் பிறந்தன. 1956-இல் இந்திய வரலாற்றுப் படிப்புக்கு ஓர் அறிமுகம் எழுதினார்; 1965-இல் பண்டை இந்தியாவின் பண்பாடும் நாகரிகமும் பற்றிய நூல் வந்தது; அது தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. எந்த அரசன் எவனை வென்றான் என்பதைவிட, மக்கள் எதைக் கொண்டு உழுதனர், எவ்வழியில் வாணிகம் செய்தனர், ஏன் இன்ன தெய்வத்தை வணங்கினர் என்று கேட்பதே வரலாறு என்றார். வரலாற்றுப் பட்டம் பெறாத ஒரு கணித ஆசிரியர் இப்படிக் கேட்டார் என்பது கருதத்தக்கது. அத்துறையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தராசை எடுக்கத் தோன்றவில்லை, குன்றேறவும் தோன்றவில்லை.

குறையே இல்லையோ எனின், உண்டு. தமிழர் என்ற முறையில் நமக்கொரு மனக்குறை: அவர் வரைந்த இந்திய வரலாற்றில் தென்னாட்டுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது, நம் சங்க நூல்கள் அவர் கைக்கு எட்டவில்லை. இத்தனை மொழி கற்றவர் தமிழையும் கற்றிருந்தால் என்று ஏங்கத் தோன்றுகிறது. அவர் நாவும் கடுமையானது. பெரியோர் என்றும் பாராது எழுதுவார்.

பல மரம் கண்டதற்கு அவர் கொடுத்த விலையையும் மறைக்கலாகாது. கணிதர் சிலர் அவர் தடம் மாறினார் என்றனர். வரலாற்றாசிரியர் சிலர் வெளியாள் என்றனர். 1959-இல், கணித உலகின் மிகக் கடினமான ரீமன் புதிரை அவிழ்க்கும் வழி கண்டதாக எழுதிய கட்டுரையை வேளாண்மைப் புள்ளியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார். அது நிறுவப்பட்டதாகக் கணிதர் ஏற்கவில்லை. அவர் பெயருக்கு அது மாசாயிற்று. உலக சமாதான இயக்கத்தில் ஈடுபட்டதும், அணுசக்தியைவிடச் சூரிய சக்தியே இந்நாட்டுக்கு ஏற்றது என்று வாதிட்டதும், அணுசக்தித் துறையின் தலைவரான பாபாவுடன் அவருக்கிருந்த உறவைக் கசப்பாக்கின. 1962-இல் நிலையத்தில் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. வேடிக்கை என்னவெனில், பாபாவும் ஒன்றையே பற்றியவர் அல்லர். அவர் ஓவியம் தீட்டுவார். மேனாட்டு இசையில் தோய்ந்தவர். பல நாட்டமுடைய இருவர் ஒரே கூரையின்கீழ் இசைந்திருக்க இயலவில்லை. 1966 ஜனவரியில் பாபா விமான விபத்தில் மறைந்தார். அதே ஆண்டு ஜூன் 29-இல் கோசாம்பி புனேயில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வயது 58.

அவர் கணிதம் ஒன்றிலேயே நின்றிருந்தால் இன்னும் பெரிய கணிதராகியிருப்பார் என்று சொல்வோர் உளர். இருக்கலாம். ஆனால் காசை நிறுக்கக் கணிதர் வந்திரார். அந்தக் காசின் வழியே நம் பழங்கால வணிகனும் வந்திரான். இந்திய சர்க்கார் 2008-இல் அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. தபால் தலை சேர்க்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அதனைத் தேடி வாங்கிக் கொடுக்கலாம். திட்டுவதற்கு ஒரு காரணம் குறைந்தாலும் பாதகமில்லை.

கோசாம்பியின் நூலைப் படிக்க நேரமில்லாதவர் அவர் நடந்த இடத்தைப் பார்க்கலாம். லோணாவளா செல்லும் உள்ளூர் வண்டியில் ஏறி மளவலியில் இறங்கினால் கார்லா குகைக்குச் செல்லலாம். மலையைக் குடைந்த பெரிய பௌத்த மண்டபம். ஈராயிரம் ஆண்டு கடந்தும் கூரையில் மர விலாக்கள் நிலைத்திருக்கின்றன. குகை வாயிலின் முன்பாகவே ஏகவீரா தேவி கோயில். பம்பாய்க் கரையிலிருந்து கோளி மீனவர் கூட்டங்கூட்டமாக வந்து வழிபடுவர். புத்தர் மண்டபமும் அம்மன் கோயிலும் ஏன் ஒரே இடத்தில் என்பது கோசாம்பி கேட்ட கேள்வி. கடற்கரைத் துறைகளிலிருந்து சரக்கு மேட்டுநிலத்துக்கு ஏறிய வணிக வழி இதனருகே சென்றது. வழி கூடும் இடத்தில் தெய்வமும் துறவியும் வணிகனும் கூடினர் என்பது அவர் கண்ட விடை. 1863-இல் நம் இரயில் பாதை ஏறியதும் அதே மலைத்தொடர்தான். மண்டபத்தின் தூண்களில் கொடையளித்தோர் பெயர்கள் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. அவர்களுள் தேனுகாகடத்து யவனர் உளர். மண்டபத்தை முடித்துக் கொடுத்தவன் வைஜயந்தி, அதாவது இன்றைய வனவாசி, நகரத்துச் செட்டி பூதபாலன். பிராமி எழுத்துப் படிக்கத் தெரிந்த பெரியவர் எவரேனும் நம் சங்கத்தில் இருப்பின், பிள்ளைகள் போகும் நாளில் அவரையும் உடன் அழைத்துச் செல்வது நன்று. மேல் வரிகளைக் காண ஒரு கைவிளக்கும் வேண்டியிருக்கும்.